பல்கலைக்கழகத்தை விட்டுப் போகிறவர்கள் எழுதும் கடிதம்

பிஎச்டி படிப்பவர்கள், போஸ்ட்டாக்கில் இருப்பவர்கள் நடுவே கைமாறிக்கொண்டே இருக்கும் ஒரு வகை எழுத்து உண்டு. பல்கலைக்கழக வேலையை விட்டுக் கம்பெனி வேலைக்குப் போகிற ஒருவர், ஏன் போகிறேன் என்று எழுதிப் பொதுவில் வைக்கும் கடிதம். ஆங்கிலத்தில் இதற்கு 'க்விட் லிட்' என்று ஒரு செல்லப்பெயரே வந்துவிட்டது. நாம் ராஜினாமா இலக்கியம் என்று வைத்துக்கொள்வோம்.

இதை நான் விடாமல் படிக்கிறவன். என் ஒப்பந்தம் முடிய இன்னும் பதினாலு மாசம் இருக்கிறது. ஆகவே சும்மா ரசனைக்காகப் படிக்கிறேன் என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. ஆனால் நான் என்ன செய்யப்போகிறேன் என்பது இந்தப் பதிவின் விஷயம் இல்லை. இந்தக் கடிதங்களை ஒரு எழுத்து வகையாக எடுத்துக்கொண்டு, எதைச் சொல்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்று பார்க்கலாம் என்று தோன்றியது. ஏன் என்றால், நிறைய பேர் இதைப் படித்துவிட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். ஜூனியர் ஒருவர் "போகலாமா, இருக்கலாமா?" என்று கேட்டால், நம்மில் பலர் செய்வது இப்படி ஒரு கடிதத்தின் சுட்டியை அனுப்புவதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் நல்லவைகூட, ஒரு பொதுப் பிரச்சினையை ஒரு தனி ஆளின் மனசுப் பிரச்சினையாகச் சுருக்கிவிடுகின்றன. எழுதியவர் நேர்மையானவராக இருப்பார், சொன்னதெல்லாம் உண்மையாகவும் இருக்கும். இருந்தாலும், படிக்கிற இளம் ஆய்வாளருக்குத் தேவையான கணக்கு அதில் இருக்காது.

இரண்டு கடிதங்கள்

இந்த வகையில் நிறையப் படிக்கப்பட்ட இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டும் கணினி அறிவியல் பேராசிரியர்கள் எழுதியவை. இருவரும் போனது கூகுளுக்கு.

முதலாவது மாட் வெல்ஷ் 2010 நவம்பரில் எழுதியது. அவர் ஹார்வர்டில் பேராசிரியர். அந்த வருஷம்தான் அவருக்கு டென்யூர், அதாவது யாரும் எளிதில் நீக்க முடியாத நிரந்தரப் பதவி, கிடைத்திருந்தது. டென்யூர் கிடைத்த சில மாதங்களில் ஒருவர் ஹார்வர்டை விடுகிறார் என்றால் பேச்சு எழத்தானே செய்யும். கடிதம் அமைதியானது. ஹார்வர்டு மேல் கோபம் இல்லை. அவர் சொல்லும் முக்கியக் காரணம் எளிமையானது: கூகுளில் செய்கிற வேலை அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அங்கே நாள் முழுக்க கோடு எழுத முடிகிறது. எழுதியதைக் கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்துகிறார்கள். பேராசிரியராக இருந்தால் நிதிக்கு விண்ணப்பம் எழுதுவதிலும் கமிட்டிகளிலும் நேரம் போய்விடுகிறது. தனக்குப் பிடித்த அந்த அடிப்படை வேலையை மாணவர்கள் செய்கிறார்கள். தான் மேற்பார்வை பார்க்கிறவராக ஆகிவிடுகிறார்.

இரண்டாவது டெரன் லேன் 2012-ல் எழுதியது. அவர் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் இருந்தவர், டென்யூர் பெற்றவர். இது வேறு தொனி. அவர் காரணங்களைத் தலைப்புப் போட்டு வரிசையாக அடுக்குகிறார். உலகத்தில் ஏதாவது மாற்றம் செய்ய வேண்டும் என்ற ஆசை, வேலைப் பளுவும் குடும்பமும், ஆசிரியர்களிடமிருந்து நிர்வாகத்தின் கைக்குப் போகும் அதிகாரம், சுருங்கிவரும் ஆராய்ச்சி நிதி, துறைகள் குறுகிப்போவது, பேப்பர் எண்ணிக்கையைத் தூண்டும் தப்பான ஊக்கங்கள், வகுப்புகளை ஃபேக்டரி மாதிரி நடத்தும் போக்கு, சம்பளம், கடைசியாக அமெரிக்கச் சமூகத்தில் வளரும் அறிவு விரோதம்.

வெல்ஷை ஒரு வேலை இழுக்கிறது. லேனை ஒரு அமைப்பு தள்ளுகிறது. பின்னால் வந்த பெரும்பாலான கடிதங்கள் இந்த இரண்டு அச்சில் ஒன்றில் வார்த்தவைதான். "எனக்கு அங்கே சந்தோஷமாக இருக்கிறது" என்று ஒன்று, "இங்கே இருக்க முடியவில்லை" என்று இன்னொன்று.

எழுத்தாக மட்டும் பார்த்தால் வெல்ஷ் கடிதம் மேலானது. தன்னால் தாங்கக்கூடியதை மட்டும் சொல்கிறது. தன் விருப்பத்தைத் தத்துவமாக ஆக்குவதில்லை. லேன் கடிதம் அதைவிட முக்கியமானது, ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அவர் பட்டியலில் பாதிக்கு மேல் பொதுப் பிரச்சினைகள். மாநில அரசு பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைப்பதோ, நிர்வாகம் ஆசிரியரின் சுதந்திரத்தைக் குறைப்பதோ ஒரு தனி ஆளுக்கு வந்த நோய் இல்லை. ஆனால் கடிதத்தின் முடிவில் கிடைக்கும் தீர்வு ஒரே ஒருவருக்கானது: அவர் கிளம்பிவிடுகிறார். நோய் ஊருக்கு, மருந்து ஒருத்தருக்கு.

அவர் கிளம்பியது தப்பு என்று சொல்ல வரவில்லை. அது அவர் வாழ்க்கை, அவர் குடும்பம். கடிதம் என்ற வடிவத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்த வடிவம் "ஆகவே நான் போகிறேன்" என்ற வரியை நோக்கியே எழுதப்படுகிறது. மேலே சொன்னதெல்லாம் அந்த வரிக்கான நியாயமாக மாறிவிடுகிறது. அதிகாரக் குவிப்பும் நிதி வெட்டும் சாட்சிக் கூண்டில் வந்து நின்று சாட்சி சொல்லிவிட்டுப் போகின்றன. அவற்றை என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை.

போவதும் பேசுவதும்

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவிய புத்தகம் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல் எழுதிய 'எக்ஸிட், வாய்ஸ், அண்ட் லாயல்டி'. ஒரு நிறுவனத்தின் தரம் கெடும்போது அதில் இருப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு என்கிறார் ஹிர்ஷ்மன். விட்டுப் போகலாம், இல்லை, இருந்து குரல் கொடுக்கலாம். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதை அந்த நிறுவனத்தின் மேல் இருக்கும் பற்று தீர்மானிக்கிறது.

அவர் தரும் உதாரணம் நைஜீரிய ரயில்வே. ரயில் சேவை மோசமாகிறது. லாரிகள் போட்டிக்கு வருகின்றன. போட்டி வந்தால் ரயில்வே திருந்தும் என்றுதான் பொருளாதாரப் பாடம் சொல்கிறது. நடந்தது நேர் எதிர். நல்ல சேவையை எதிர்பார்த்து, இல்லாவிட்டால் சண்டை போடக்கூடிய வாடிக்கையாளர்கள் எல்லாம் லாரிக்குப் போய்விட்டார்கள். ரயில்வேக்கு அரசுப் பணம் வந்துகொண்டிருந்ததால் அவர்கள் போனது உறைக்கவும் இல்லை. சத்தம் போடுகிறவர்களும் இல்லை, வருமான இழப்பும் வலிக்கவில்லை. ரயில்வே அப்படியே கிடந்தது.

இதைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு பேராசிரியர் இடம் காலியானால் விண்ணப்பங்கள் குவியும். ஆகவே ஒருவர் போனதால் நிர்வாகத்துக்குப் பெரிய வலி எதுவும் இல்லை. போகக்கூடியவர்கள் யார்? வெளியில் தங்கள் திறமைக்கு விலை இருப்பவர்கள், இங்கே நடக்கும் தப்பை வெளியுலகத்தோடு ஒப்பிட்டுச் சொல்லத் தெரிந்தவர்கள். குரல் கொடுத்தால் எடுபடக்கூடியவர்களே முதலில் வெளியேறுகிறார்கள். டென்யூர் என்ற ஏற்பாடே பயமில்லாமல் பேசுவதற்காக உண்டானது. அந்தப் பாதுகாப்பு கையில் இருந்தவர்கள் உள்ளே இருந்தபோது என்னவெல்லாம் பேசினார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை. நமக்குக் கிடைக்கும் ஆவணம் அந்தப் பாதுகாப்பைத் திருப்பிக் கொடுத்த நாளுடையது. ராஜினாமாக் கடிதம் என்பது குரலும் வெளியேற்றமும் சேர்ந்த ஒரு விசித்திரக் கலவை. வெளியேறுகிற கணத்தில் எழும் குரல் அது. கேட்கிறவர்கள் நிறைய, ஆனால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

வேறு மாதிரியும் எழுத முடியும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. 2013 அக்டோபரில் ஜேக் வாண்டர்பிளாஸ் தன் வலைப்பதிவில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வானியல் படித்தவர், அங்கேயே ஆய்வாளர். பைத்தான் மொழியில் அறிவியல் மென்பொருள் எழுதியவர் என்று பலருக்குத் தெரியும். அவர் வாதம் இது: இன்றைய அறிவியலுக்கு நல்ல மென்பொருள் எழுதத் தெரிந்தவர்கள் தேவை. ஆனால் பல்கலைக்கழகம் பேப்பரைத்தான் எண்ணுகிறது, மென்பொருளை எண்ணுவதில்லை. அதே திறமைக்குத் தொழில்துறை அள்ளிக் கொடுக்கிறது. அப்படியென்றால் அறிவியலுக்கு ரொம்பத் தேவையானவர்களே அறிவியலை விட்டுப் போவார்கள்.

இதை அவர் உள்ளே இருந்துகொண்டு எழுதினார். "நான் போகிறேன்" என்ற வரி அதில் இல்லாததால், "என்ன செய்யலாம்?" என்பதற்கு இடம் கிடைத்தது. இந்த மாதிரிப் பேச்சு அப்போது பல பக்கமும் எழுந்திருந்தது. அதற்கு அடுத்த மாதமே மூர், ஸ்லோன் அறக்கட்டளைகள் வாஷிங்டன், பெர்க்லி, நியூயார்க் பல்கலைக்கழகங்கள் மூன்றுக்கும் சேர்த்து 37.8 மில்லியன் டாலரை ஐந்து வருஷத் திட்டமாக அறிவித்தன. மென்பொருள் எழுதும் ஆய்வாளர்களுக்குப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு வேலைப் பாதையை உண்டாக்குவது அதன் நோக்கங்களில் ஒன்று.

வாண்டர்பிளாஸும் பிறகு கூகுளுக்குப் போனார். இதைச் சொல்லிவிட்டுச் சிலர் சிரிப்பார்கள், "பார்த்தியா, கடைசியில் இவரும்!" என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முதலில் பேசினார், பல வருஷம் இருந்து செய்து பார்த்தார், அதன் பிறகு போனார். அவர் போனது அவருடைய கட்டுரையைப் பொய்யாக்கவில்லை. அவர் எழுதிய விசை எவ்வளவு பலமானது என்று காட்டுகிறது, அவ்வளவுதான்.

வெபர் சொன்ன கணக்கு

இந்தக் கடிதங்களில் அடிக்கடி வரும் மொழி காதலின் மொழி. ஆராய்ச்சியை நேசித்தேன், மனசு வலிக்கிறது, துரோகம் செய்வது போல இருக்கிறது. மதத்தை விட்டு வெளியே வருகிறவர்கள் பேசுகிற மாதிரி. இந்த மொழி எங்கிருந்து வந்தது என்று தேடினால், போகிற வழியில் மாக்ஸ் வெபர் நிற்பார்.

1917 நவம்பர் 7 அன்று மியூனிக்கில் மாணவர்களுக்கு அவர் ஆற்றிய உரை, 1919-ல் அச்சில் வந்தது. அறிவியலைத் தொழிலாகக் கொள்வது பற்றியது. 'பெரூஃப்' என்று ஜெர்மன் மொழியில் அவர் பயன்படுத்தும் சொல்லுக்குப் பிழைப்புக்கான தொழில் என்றும் பொருள், உள்ளிருந்து வரும் அழைப்பு என்றும் பொருள். பிற்காலத்தில் எல்லோரும் இரண்டாவது பொருளைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வெபர் என்றால் தவம், அர்ப்பணிப்பு, அறிவியலுக்காகத் தன்னைக் கொடுப்பது என்று ஆகிவிட்டது.

ஆனால் அந்த உரை ஆரம்பிப்பது காசுக் கணக்கில். ஜெர்மனியில் ஒரு இளம் ஆய்வாளர் சம்பளமே இல்லாத விரிவுரையாளராகத் தொடங்க வேண்டும். மாணவர்கள் கட்டும் கட்டணம்தான் வருமானம். ஆகவே கையில் காசு இருப்பவர்தான் இந்த வேலைக்கு வர முடியும். அமெரிக்காவில் முதலிலிருந்தே சம்பளம் உண்டு, ஆனால் வேலை எப்போது வேண்டுமானாலும் போகலாம். அந்த உதவியாளர் ஒரு ஆலைத் தொழிலாளி மாதிரி. ஜெர்மனியும் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறது என்கிறார். யாருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்கும் என்பதில் அதிர்ஷ்டத்தின் பங்கு மிகப் பெரியது என்கிறார். ஆலோசனை கேட்டு வரும் இளைஞரிடம், உன்னைவிடச் சாதாரணமானவர்கள் வருஷா வருஷம் உன்னைத் தாண்டிப் போவதைக் கசப்பில்லாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்க வேண்டும் என்கிறார். எல்லோரும் முடியும் என்றுதான் சொல்வார்கள், தாங்குகிறவர்கள் ரொம்பக் குறைவு என்பது அவர் அனுபவம்.

இதைப் பேசியவர் அப்போது முழுநேரப் பேராசிரியராக இல்லை. உடம்பும் மனசும் நொந்துபோய் 1903-ல் ஹைடல்பெர்க் பதவியை விட்டவர். விட்ட பிறகும் எழுத முடிந்ததற்குக் குடும்பச் சொத்து ஒரு காரணம். அவருக்கு இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

ஆக, ராஜினாமாக் கடிதங்களின் மூதாதை உரையிலேயே வரவுசெலவுதான் முதலில் வருகிறது, அழைப்பு அதன் பிறகு. நம் கடிதங்கள் முதல் பாதியைத் தொலைத்துவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கின்றன.

ராஜினாமா செய்ய வேலையே இல்லாதவர்கள்

இப்போது எனக்கு ரொம்பவே உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். வெல்ஷும் லேனும் டென்யூரை விட்டுப் போனார்கள். விடுவதற்கு அவர்களிடம் ஒன்று இருந்தது. ஆனால் ஆராய்ச்சியை விட்டுப் போகும் பெரும்பாலானவர்கள் ராஜினாமா செய்வதில்லை. ஒப்பந்தம் முடிகிறது. அடுத்தது கிடைக்கவில்லை. ஒரு செப்டம்பர் மாசம் அடையாள அட்டை வேலை செய்யாமல் போகிறது. இதற்கு யார் கடிதம் எழுதுவார்கள்? யாருக்கு எழுதுவார்கள்?

ஜெர்மனியில் எழுதினார்கள். அங்கே 2007-ல் வந்த ஒரு சட்டப்படி, ஆய்வாளர்களைக் குறுகிய கால ஒப்பந்தத்தில் வைத்திருக்கலாம்: முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு வருஷம், பின் ஆறு வருஷம் (மருத்துவத்தில் ஒன்பது). அதற்குள் நிரந்தர இடம் கிடைக்காவிட்டால் பெரும்பாலும் வெளியேதான். 45 வயதுக்குக் கீழே, பேராசிரியர் அல்லாத பல்கலைக்கழக ஆய்வாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இப்படி ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். இந்தச் சட்டத்தை விளக்க மத்தியக் கல்வி அமைச்சகம் 2018-ல் ஒரு சின்ன கார்ட்டூன் வீடியோ போட்டது. அதில் ஹன்னா என்று ஒரு உயிரியல் ஆய்வாளர். ஒரு தலைமுறையே எல்லா இடங்களையும் அடைத்துக்கொண்டால் புதியவர்களுக்கு வழி இருக்காது, ஆகவே ஆட்கள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வீடியோ விளக்கியது.

2021 ஜூனில் அம்ரை பார், கிறிஸ்டின் ஐஷ்ஹோர்ன், செபாஸ்டியான் கூபோன் என்ற மூன்று ஆய்வாளர்கள் ட்விட்டரில் "நான்தான் ஹன்னா" என்று ஒரு வரியைத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் எழுதியது பெரும்பாலும் கட்டுரை இல்லை, வெறும் கணக்கு: எனக்கு இத்தனை வயது, இத்தனை வருஷத்தில் இத்தனை ஒப்பந்தம், இத்தனை ஊர், இத்தனை குழந்தைகள் அல்லது இதனால் குழந்தை இல்லை. அடைப்பு என்று தங்களைச் சொன்னவர்களுக்கு அவர்கள் தந்த பதில் அது.

விமர்சகனாக எனக்கு இது பெரிய பாடம். ஒவ்வொரு பதிவும் இரண்டு மூன்று வரிதான். நடை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒருவரின் தோல்வி போலத் தெரிந்த ஒன்று சட்டத்தின் விளைவு என்று தெரிந்துவிடுகிறது. நல்ல ராஜினாமாக் கடிதம் நூறு படித்தாலும் எனக்கு அது தெரிந்திருக்காது. ஒவ்வொரு கடிதமும் தன் ஆசிரியரை ஒரு தனி நாயகனாகத்தான் நிறுத்துகிறது. ஹன்னாக்கள் ஆளுக்கொரு ஒப்பந்தக் கணக்கைக் கொண்டுவந்து ஒரே பட்டியலில் சேர்த்தார்கள்.

நம் ஆட்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு, விசா. அமெரிக்கக் கடிதங்களைப் படித்துவிட்டு "நாமும் போயிடலாமே" என்று நினைக்கிற தமிழ் மாணவர் இதைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழகம் எடுக்கும் எச்-1பி விசாவுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. கம்பெனிக்கு உண்டு: வருஷத்துக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலையோ அதற்கு மேலோ படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. விண்ணப்பம் அதைத் தாண்டினால் தேர்வு முறை இருக்கிறது. போஸ்ட்டாக்காகப் பல வருஷம் அங்கேயே இருந்தவரும், இதுவரை வரம்புக்குள் எண்ணப்படாதவர் என்றால், கம்பெனிக்கு மாறும்போது அந்த வரிசையில் புதிதாக நிற்க வேண்டும். வெல்ஷும் லேனும் எழுதிய 'போவது' ஒரு மனசு முடிவு. இவருக்கு அது எடுத்தவுடன் நடக்கிற முடிவாக இருக்காது. கடிதம் எழுதியவர்கள் மேல் குற்றமில்லை. அவர்களுக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. ஆனால் அதை அப்படியே ஃபார்வர்டு செய்கிற நமக்கு வர வேண்டும்.

அந்தப் பக்கம் என்ன இருக்கிறது

இந்த வகை எழுத்தின் இன்னொரு குறை, அது கதவோடு நின்றுவிடுகிறது. தொழில்துறை இதில் ஒரு பூந்தோட்டம், இல்லாவிட்டால் பதிலுக்கு எழுதுகிறவர்கள் காட்டுவது போல ஒரு சிந்தனைச் சுடுகாடு. இரண்டும் வரலாற்றோடு பொருந்தவில்லை.

வில்லியம் கோசெட் ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியலும் கணிதமும் படித்துவிட்டு, 1899-ல் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பார்லி, ஹாப்ஸ், மால்ட் இவற்றின் தரத்தைச் சோதிக்க வேண்டும். சோதனைகள் விலை பிடித்தவை, மாதிரிகள் நாலோ ஐந்தோதான் கிடைக்கும். அன்றைய புள்ளியியலோ பெரிய எண்ணிக்கைகளுக்காக உருவானது. கொஞ்சம் மாதிரிகளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி ஆலையில் பிறந்தது. 1906-07-ல் லண்டனில் கார்ல் பியர்சனின் ஆய்வகத்தில் இருந்து அதை வளர்த்தார். 1908-ல் 'பயோமெட்ரிகா' இதழில் பேப்பர் வந்தது. இன்று புள்ளியியல் முதல் வகுப்பிலேயே வரும் டி-டெஸ்ட் அதிலிருந்து வந்ததுதான். கம்பெனிக்குப் போனால் நல்ல கேள்வி கிடைக்காது என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டாம்.

ஆனால் அந்தப் பேப்பரில் அவர் பெயர் இல்லை. 'ஸ்டூடண்ட்' என்று இருக்கிறது. ஆலை ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்று ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதக் கின்னஸ் அனுமதிக்கவில்லை. நூறு வருஷம் தாண்டியும் மாணவர்கள் அதை 'ஸ்டூடண்ட் டி-டெஸ்ட்' என்றுதான் படிக்கிறார்கள். அது ஒரு ஆளின் புனைபெயர் என்றே பலருக்குத் தெரியாது. கம்பெனி அவருக்குக் கேள்வியையும் நிலையான சம்பளத்தையும் கொடுத்தது, பெயரை வைத்துக்கொண்டது. இந்தப் பரிமாற்றம் லாபமா நஷ்டமா என்று நான் சொல்லமாட்டேன், ஆளைப் பொறுத்தது. ஆனால் ராஜினாமாக் கடிதத்தில் இந்த வரவும் செலவும் அருகருகே இருக்க வேண்டும் என்பேன். எதை வெளியிடலாம், யார் அனுமதி வேண்டும், நீங்கள் எழுதியது யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் வேலைக்கான ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும்; கடிதத்தில் எழுதியிருக்காது.

அடுத்து, நிலைத்தன்மை. மைக்ரோசாஃப்டின் சிலிக்கான் பள்ளத்தாக்கு ஆய்வுக்கூடத்தில் இருந்த லெஸ்லி லாம்போர்ட்டுக்கு 2014 மார்ச்சில் டூரிங் விருது அறிவிக்கப்பட்டது. கணினி அறிவியலில் அதற்கு மேல் விருது இல்லை. அதே வருஷம் செப்டம்பரில் அந்த ஆய்வுக்கூடத்தையே மூடிவிட்டார்கள், கம்பெனி முழுவதும் நடந்த ஆட்குறைப்பின் ஒரு பகுதியாக. லாம்போர்ட் கம்பெனியில் தொடர்ந்தார். அவருடைய சக ஊழியர்கள் பலர் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. 2015 ஆரம்பத்தில் ஊபர் கார்னகி மெலனின் ரோபாட் ஆய்வு மையத்திலிருந்து சுமார் 40 பேரை ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டது. ஓட்டுநர் இல்லாத கார் செய்வதற்காக. 2020 டிசம்பரில் அந்தப் பிரிவையே வேறு கம்பெனிக்கு விற்பதாக அறிவித்தது.

பல்கலைக்கழகத்தை விட்டதற்கு நீளமான கடிதம் எழுதுகிறவர்கள், கம்பெனியை விட்டால் இரண்டு வரி நன்றியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெளியே பேசக் கூடாது என்ற ஒப்பந்தங்கள் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம் நம் மனசில் இருக்கிறது. பல்கலைக்கழகம் கோயில், ஆகவே விட்டால் விளக்கம் சொல்ல வேண்டும். கம்பெனி வெறும் வேலை, விட்டால் விட்டதுதான். வெபரின் 'அழைப்பு' என்ற பொருள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது பாருங்கள்! கோயிலை விட்டவர்களும் கோயில் மொழியில்தான் பேசுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கடிதங்களுக்குத் தேதி உண்டு. பிலிப் குவோ ஸ்டான்ஃபோர்டில் 2006 முதல் 2012 வரை பிஎச்டி செய்த கதையை 'த பிஎச்டி கிரைண்ட்' என்று புத்தகமாக எழுதி 2012-ல் இலவசமாகக் கொடுத்தார். எழுதி முடித்தபோது அவர் போனது கூகுளுக்கு. இரண்டு வருஷத்தில் பேராசிரியராகத் திரும்பி வந்தார், இப்போதும் பேராசிரியர்தான். வெல்ஷ் பின்னால் கூகுளை விட்டுச் சிறிய கம்பெனிகளுக்குப் போனார். எழுதிய அன்று கடைசி முடிவு போலத் தெரிந்தது, பிறகு ஒரு நடுப்பகுதியாக ஆகிவிடுகிறது. படிக்கிறவர் அதை இன்னொருவரின் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்.

எப்படிப் படிப்பது

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தக் கடிதங்களைப் படிக்காதீர்கள் என்று சொல்வேனா? மாட்டேன். யாரும் சொல்லாத விஷயங்களை முதலில் வெளியே சொன்னது இவைதான். பேராசிரியர் வாழ்க்கை என்பது நிதி விண்ணப்பம் எழுதும் வாழ்க்கை என்று பல மாணவர்களுக்குத் தெரிந்தது வெல்ஷ் போன்றவர்களால்தான். வேலையை விடுவது அவமானமில்லை என்ற தைரியமும் பலருக்கு இவற்றிலிருந்து கிடைத்தது. அது சின்ன விஷயமில்லை.

ஆனால் அடுத்த முறை ஒரு ஜூனியருக்கு அனுப்பும்போது, கூடவே சில கேள்விகளையும் அனுப்பலாம். இவர் விட்டது நிரந்தரப் பதவியா, முடியப்போகும் ஒப்பந்தமா? இவர் சொல்லும் காரணங்களில் எவை இவருக்கு மட்டும், எவை எல்லோருக்கும்? எல்லோருக்குமான காரணங்களுக்கு யாராவது உள்ளே இருந்து ஏதாவது செய்கிறார்களா, அவர்களோடு சேர முடியுமா? புது வேலையில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது? விசா, குடும்பம், கடன், வயசான பெற்றோர், இதெல்லாம் கடிதத்தில் இருக்கிறதா? எழுதி எத்தனை வருஷம் ஆகிறது, இப்போது இவர் எங்கே?

எழுதப்போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிளம்புகிற அன்று எழுதுவதை ஒரு வருஷம் முன்னாலோ இரண்டு வருஷம் பின்னாலோ எழுதிப் பாருங்கள். முன்னால் எழுதினால் துறைக் கூட்டத்தில் யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். பின்னால் எழுதினால் அந்தப் பக்கத்துக் கணக்கும் சேர்ந்து வரும். இரண்டுமே முடியாது என்றால், ஹன்னாக்கள் செய்தது மாதிரி எண்களையாவது போடுங்கள்: எத்தனை வருஷம், எத்தனை ஒப்பந்தம், எவ்வளவு சம்பளம். மனசு எப்படி வலித்தது என்பதை நாங்களே ஊகித்துக்கொள்வோம்.

என்னுடைய பதினாலு மாசம் முடிவதற்குள் என் கணக்கை இங்கே போடுகிறேன். போனாலும் சரி, இருந்தாலும் சரி.